கணக்குத்தாளின் தானியங்கித் திருத்தம்

சங்கங்கள் பலவற்றில் பேரேடும் இருப்புப் பதிவேடும் இன்று கணினியில் எழுதப்படுகின்றன. அதற்குப் பயன்படும் எக்செல் முதலிய கணக்குத்தாள் மென்பொருள்களில், தட்டச்சுப் பிழையைத் தாமாகவே திருத்தும் வசதி உண்டு. அதன் நன்மை, தீமை இரண்டையும் அங்கத்தினர் அறிந்திருத்தல் அவசியம்.

திருத்தம் இரு வகைப்படும். முதலாவது சொற்றிருத்தம். அடிக்கடி நேரும் எழுத்துப் பிழைகளும் அவற்றுக்குரிய சரியான சொற்களும் ஒரு பட்டியலில் உள்ளன. பிழையான சொல்லை அடித்ததும் சரியான சொல் அவ்விடத்தில் அமர்கிறது. அப்பட்டியலில் நாமும் சேர்க்கலாம். சங்கத்தின் நீண்ட பெயருக்கு ஒரு சுருக்கத்தைப் பதிந்து வைத்தால், சுருக்கத்தை அடித்தவுடன் முழுப்பெயரும் வந்துவிடும்.

இரண்டாவது வகையே ஆபத்தானது. பிழையே இல்லாத இடத்திலும் மென்பொருள் தானாக ஒரு பொருளை ஊகித்துக்கொள்கிறது. இரட்டை இழை நூலின் நம்பராகிய 2/40 என்பதைக் கட்டத்தில் அடித்தால், அது பிப்ரவரி மாதத் தேதியாக மாறிவிடும். 0127 என்னும் அங்கத்தினர் எண் 127 ஆகிவிடும். எண்களில் 15 இலக்கங்களே காக்கப்படுவதால், 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகும். கூலியோ பங்காதாயமோ உரியவரைச் சேராமற்போக இதுவே காரணமாகலாம்.

விஞ்ஞானிகளும் இதற்குத் தப்பவில்லை. ‘செப்ட்2’ போன்ற மரபணுப் பெயர்கள் செப்டம்பர் மாதத் தேதிகளாக மாறுவதை 2004-இல் ஆராய்ச்சியாளர் சுட்டிக்காட்டினர். எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியலை இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருந்ததை 2016-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. இதனால் மரபணுக்கள் சிலவற்றின் பெயர்களையே மாற்ற நேர்ந்தது. 2020-இல் வெளியான பெயரிடும் நெறிமுறைகள் இதனைக் குறிப்பிட்டன. இத்தகைய மாற்றங்களை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2023-இல் எக்செலில் சேர்த்தது.

பரிகாரம் எளிது. நூல் நம்பர், அங்கத்தினர் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றுக்குரிய பத்திகளை, பதியத் தொடங்குமுன்பே ‘டெக்ஸ்ட்’ வடிவத்திற்கு மாற்றிவிட வேண்டும். அல்லது எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி இட வேண்டும். தேதியான பிறகு வடிவத்தை மாற்றினால் 2/40 திரும்பி வராது. தொடர்பற்ற ஓர் எண்ணே தோன்றும்.

பணம் வழங்குமுன் கணினிப் பட்டியலை மூல ரசீதுகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய வழக்கத்தைச் சங்கங்கள் கைவிடலாகாது. இயந்திரம் திருத்தினாலும் கணக்குக்குப் பொறுப்பு நம்முடையதே.