உ.வே.சா.வின் நூல்கள் எட்டா, ஆறா? தேடுபொறி எண்களைக் கூட்டும் முன்

மின்னூலகத்தில் ஒரு பெயரைத் தேடினால் பக்கத்தில் ஒரு பட்டியல் வரும்: ஆசிரியர், பதிப்பாசிரியர், உரையாசிரியர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். இதைத்தான் ஃபேசட் எண்ணிக்கை என்கிறார்கள். இடுபணியில் பலர் அந்த எண்களை அப்படியே கூட்டி எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

உ.வே.சாமிநாதையரின் ஆறு நூல்களை மட்டும் வைத்துப் பார்ப்போம். சீவக சிந்தாமணி (1887), புறநானூறு (1894) இரண்டுக்கும் அவர் பதிப்பாசிரியர். மணிமேகலைக்கும் (1898) குறுந்தொகைக்கும் (1937) பதிப்பும் அவரே, உரையும் அவரே. என் சரித்திரம், மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம் ஆகியவை அவரே எழுதியவை. இப்போது பட்டியல் என்ன காட்டும்? ஆசிரியர் 2, பதிப்பாசிரியர் 4, உரையாசிரியர் 2. கூட்டினால் 8. ஆனால் அலமாரியில் இருப்பது ஆறுதானே!

நம்ம தோட்டத்துப் பெரட்டு மாதிரிதான் இது. காலையில் பால்மரம் வெட்டியவரே மத்தியானம் புல் வெட்டப் போனால், இரண்டு பட்டியலிலும் அவர் பெயர் இருக்கும். அதற்காக ஆள் இரண்டாகிவிடுமா? படிவம் 4 கணிதத்தில் வரும் வென் படமும் இதையேதான் சொல்கிறது. வெட்டிக்கொள்ளும் பகுதியை ஒருமுறை கழிக்க வேண்டும்: 8 − 2 = 6.

கணினி இதைக் கழித்துச் செய்வதில்லை. அப்பாச்சி சோலர், எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடுபொறிகளில், பல புலங்களில் உள்ள பெயர்களை ஒரே பொதுப் புலத்துக்குப் படியெடுக்கும் வசதி உண்டு. அந்தப் பொதுப் புலத்தில் எண்ணும்போது, ஒரு பெயர் ஒரே நூலில் இரண்டு முறை இருந்தாலும் அந்நூல் ஒருமுறைதான் எண்ணப்படும். மூலப் புலங்களை மட்டும் நீக்கிவிடக் கூடாது. பொதுப் புலத்தை மட்டும் பார்த்தால் அவர் எழுதியதா பதிப்பித்ததா என்று தெரியாது. தேர்வில் கேட்பதோ அதைத்தான்.

பொதுப் புலம் இல்லாத தளமா? மூன்று புலங்களிலும் அதே பெயரை இட்டு, 'அல்லது' என்று இணைத்துத் தேடுங்கள். மொத்த முடிவு எத்தனை என்று மேலே இருக்கும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லை, எனக்கு இதுதான் பெரியதாகப் படுகிறது. "உ.வே.சா.", "உ. வே. சாமிநாதையர்", "சாமிநாதையர், உ.வே." மூன்றும் நமக்கு ஒருவர், கணினிக்கு மூவர். பட்டியல் தயாரிப்பவர் ஒரே வடிவத்தை நிலைநிறுத்தாவிட்டால், அந்த 6 கூட மூன்று துண்டாகச் சிதறித்தான் வரும். பள்ளி நூலகப் பட்டியலை எக்செலில் தட்டும்போதே இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், புள்ளிக்குப் பின் விடும் இடைவெளி உட்பட.