மங்கலும் மறைப்பும்

படம் மங்கினால் ஆள் மறைவாரா? கோலசிலாங்கூர்த் தோட்டப்புறங்களிலும் பள்ளிவிழாக் காணொளிகள் கைப்பேசிவழிப் பரவும் இந்நாளில் இவ்வினா சிறிதன்று.

320க்கு 240 என அமைந்த காணொளியில் ஒரு படத்துக்கு 76,800 புள்ளிகளே உள. 1920க்கு 1080 ஆயின் 2,073,600. புள்ளி குறைந்தது விரைந்து செல்லும். பழம்படச் சாயலும் தருதலின் பலர் அதனை விரும்புவர்.

ஆயினும் மங்கல் மறைப்பாகாது. 1973இல் லியான் ஹார்மன், சில நூறு கட்டங்களே கொண்ட லிங்கன் உருவத்தையும் மக்கள் கண்டறிவர் எனக் காட்டினார். 2016இல் அமெரிக்க ஆய்வாளர், கட்டமிட்டு மறைத்த முகங்களையும் கணினியால் இனங்கண்டனர். ஒருவரையொருவர் அறிந்த தோட்டத்திலோ நடையே ஆளைச் சொல்லிவிடும்.

மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத் தொடர்புகளுக்கே உரியது. குடும்பப் பகிர்வைத் தீண்டாது. ஆதலின், பிள்ளையின் படத்தை அனுப்புமுன் பெற்றோரின் இசைவு பெறுதலே காப்பாகும்.