இணை வேடக் குறும்படம்

கதைகளிலும் சித்திரங்களிலும் சலனப் படங்களிலும் தாம் கண்டு விரும்பிய ஒரு பாத்திரத்தின் உடையையும் அணிகலனையும் ஆயுதத்தையும் தாமே செய்தணிந்து, அப்பாத்திரமாகவே சிறிது நேரம் நின்று காட்டும் வழக்கம் இக்காலத்து இளைஞரிடையே பெருகி வருகின்றது. இதற்குக் காஸ்பிளே என்பது பெயர். உடை என்றும் விளையாட்டு என்றும் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை நறுக்கி ஒட்டி, ஜப்பானியராகிய நொபுயுகி தக்கஹாஷி என்பார் 1980-களில் இப்பெயரைப் படைத்தார். பெயர் புதிதே, செயல் புதிதன்று. இதன் ஒரு கிளையாக, இருவர் ஒருங்கே வேடம் பூண்டு, ஒரு நிமிடத்திற்கும் குறைந்த படமாகக் கைப்பேசியில் எடுத்து வெளியிடும் முறை இப்போது எங்கும் காணப்படுகின்றது. சினிமாவில் ஒரே நடிகர் இருவராகத் தோன்றுவதை இரட்டை வேடம் என்கிறோம். இஃது அதன் மறுதலை. இங்கே இருவர் சேர்ந்து ஒரு காட்சியாகின்றனர். விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கங்களில் இம்முயற்சியில் இறங்குவோர்க்குப் பயன்படுமாறு இதன் முறையை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுந்தோம். வெறும் வேடிக்கையென்று புறக்கணிக்கத்தக்க பொருளன்று இது. இதில் கணக்கு உண்டு, கைத்தொழில் உண்டு, நம் பகுதியைப் பொறுத்தவரை உயிர்க்கு அபாயமும் உண்டு.

இக்கலையின் தொடக்கத்திலேயே நாம் காண்பது ஓர் இணையைத்தான். 1939-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நியூயார்க் நகரில் விஞ்ஞானக் கதை வாசகரின் முதல் உலக மாநாடு கூடியபோது, பாரெஸ்ட் ஆக்கர்மன் என்பாரும் மர்ட்டில் டக்ளஸ் என்னும் அம்மையாரும் வருங்கால மாந்தரின் உடையணிந்து வந்தனர். எச். ஜி. வெல்ஸ் அவர்களின் நூலையொட்டி 1936-ல் வெளிவந்த படமே அவ்வுடைகளுக்கு மாதிரி. இருவர் உடையையும் தைத்தவர் அவ்வம்மையார். பல்லாண்டுகள் புகழ் பெற்றவர் மற்றவர். இதனை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டியிருக்கும். ஜப்பான் நாட்டு நகோயாவில் 2003-ல் தொடங்கிய உலக மாநாடு 2005 முதல் போட்டி நடத்தி வருகின்றது. அப்போட்டியில் ஒரு நாட்டின் அணியென்பது இருவரே. தனியொருவர் உடை எத்துணைச் சிறப்புடையதாயினும் அது நின்று காட்டும் பொம்மையாகிவிடலாம். இருவராயின் பேச்சும் பகையும் நட்பும் தாமே தோன்றிவிடுகின்றன. சென்னையிலும் 2024 பிப்ரவரியில் காமிக் கான் என்னும் விழா முதன்முறையாக நடைபெற்றது.

இனி நம் நாட்டு இணை வேடத்தை நோக்குவோம். பொய்க்கால் குதிரை ஆட்டத்தைக் காணாதார் நம்முள் அரியர். தஞ்சைச் சீமையில் சிறந்து விளங்கி, பிற இடங்களிலும் திருவிழாக்களுக்கு அழைக்கப்பெறும் இவ்வாட்டத்தில், ஓர் அடி உயரமுள்ள மரக்கால்களைக் கட்டிக்கொண்டு, நடுவே துளையுள்ள குதிரைக் கூட்டைத் தோளில் தொங்கவிட்டு, ஒருவர் ராஜாவாகவும் மற்றொருவர் ராணியாகவும் வருவர். ஆடுபவரின் சொந்தக் கால்கள் துணித் தொங்கலுக்குள் மறைந்துவிடும். காண்போர் கண்ணுக்கு இரண்டு குதிரைகளும் இரண்டு சவாரிக்காரருமே தெரிவர். இவர்கள் ஒருவரையொருவர் நோக்கி வருவதும், விலகுவதும், ஒரே கணத்தில் சுழல்வதும் எங்ஙனம் இயல்கின்றன? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே ஆடுவதாலன்று. மரக்காலின்மேல் நிற்பவர்க்குத் தம் சமநிலையைக் காப்பதே பெரும்பாடு. இருவரும் செவியால் தவிலைப் பற்றிக்கொண்டிருக்கின்றனர். மேளக்காரரே உண்மையில் அவ்விரு குதிரைகளையும் நடத்துபவர்.

இவ்வுண்மையைக் கணக்கிட்டுக் காட்டலாம். கைப்பேசி சாதாரணமாக ஒரு விநாடிக்கு 30 படங்களைப் பதிவு செய்கின்றது. கண்ணால் ஒன்றைக் கண்டு உடலை அசைக்க மனிதர்க்கு ஏறக்குறைய ஒரு விநாடியில் ஐந்திலொரு பங்கு காலம் வேண்டும். ஆகவே துணைவரைப் பார்த்து அவர் கை உயர்த்தியபின் தாம் உயர்த்துபவர், எத்துணை விரைவுடையவராயினும், 6 படங்கள் பிந்தியே தீர்வர். அரங்கத்தில் தொலைவிலிருந்து காண்போர் இதனைப் பொறுத்துக்கொள்ளக்கூடும். கைக்குள் அடங்கும் திரையில், திரும்பத் திரும்ப ஓடும் படத்தில், அது பளிச்சென்று தெரியும். தாளத்தை எண்ணிக்கொண்டிருப்பவரோ அடுத்த தட்டு எப்போது விழுமென்பதை முன்னரே அறிவார். அவர்க்குப் பிந்துதல் என்பதில்லை. நிமிடத்திற்கு 120 தட்டு விழும் பாட்டாயின் தட்டுக்குத் தட்டு அரை விநாடி, அதாவது 15 படங்கள். இருவரும் வாயால் எட்டுவரை எண்ணிப் பழகி, எண்ணிக்கை மனத்தில் ஊறியபின் பாட்டைச் சேர்த்துக்கொள்வதே நன்று. முதல் நாளிலேயே உடையணிந்து பழகுவது வீண். உடை கனம், வியர்வை அதிகம், தவறு எங்கே நேர்ந்ததென்றும் தெரியாது.

ஒத்திகையேயின்றி இணையும் வேறொரு வழியும் நம் நாட்டில் உண்டு. ஸ்பெஷல் நாடகம் எனப்படுவதில், ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் வெவ்வேறு ஊரினின்றும் தனித்தனியே அமர்த்தப்பட்டு, அன்றிரவே மேடையில் சந்திப்பர். வள்ளி திருமணத்தில் இருவர் விடியுமளவும் தர்க்கம் புரிவது எங்ஙனமெனின், சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்தளித்த பாட்டும் வசனமும் இருவர்க்கும் மனப்பாடமாயிருத்தலே காரணம். அதுபோலவே, ஒரே கதையை இருவரும் நன்கு அறிந்திருப்பின் பாதி வேலை முடிந்துவிடும். துணைவர் பூண்ட பாத்திரத்தைத் தாம் படித்திராத ஒருவர் அருகே நிற்பது வெறும் நிற்றலே. குறும்படமும் நமக்குப் புதிதன்று. என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் இருவரும் நடித்த ஹாஸ்யப் பகுதிகள் 1930, 40-களில் தனியே எடுக்கப்பட்டுப் பிறர் படங்களோடு இணைக்கப்பட்டதுண்டு. அக்காலத்தில் படத்தின் நீளத்தை இத்தனை ரீல் என்று அளந்தனர். இக்காலத்தில் அரை நிமிடத் துண்டுக்கே ரீல்ஸ் என்று பெயராயிற்று!

அடுத்தது சட்டகம். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுப்பதால் படத்தின் அகலம் 9 பங்காயின் உயரம் 16 பங்கு. இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்று கைகளை நீட்டினால் 11 அடி அகலம் வேண்டும். அதற்கேற்ப உயரம் ஏறக்குறைய பத்தொன்பதரை அடியாகும். ஐந்தரை அடி மனிதர் அதில் கால்பங்குக்குச் சற்றே மிகுந்த அளவில் எறும்புபோல் தோன்றுவர். ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நின்றால், அல்லது ஒருவர் மண்டியிட மற்றவர் நின்றால், தேவையான அகலம் பாதியாகும், உருவம் இருமடங்காகும். கோயிற் சிற்பியர் குறுகிய தூணில் இரண்டு உருவங்களை அமைத்திருக்கும் வகையைக் கூர்ந்து நோக்குவார்க்கு இதனை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

சாதாரண உடையில் நிற்பவர் ஒரு குதி குதித்தவுடன் வேடத்தோடு நிற்கும் மாயம் பலரையும் மயக்குவது. அது மிக எளிய தந்திரம். கைப்பேசியைத் தாங்கியில் பொருத்தி அசையாது நிறுத்தி, நால்வர் பாதமும்போல் தோன்றாமல் இருவர் பாதமும் நிற்கவேண்டிய இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, குதித்து எழும் வரை முதற்பகுதியை எடுக்கவேண்டும். பிறகு வேடம் பூண்டு, அதே குறியின்மேல் வந்து விழுவதை எடுத்து, இரண்டையும் காற்றில் நிற்கும் கணத்தில் வெட்டி ஒட்டவேண்டும். சாதாரண உடைப் பகுதியையே முதலில் எடுக்கவேண்டும். அரிதாரத்தைக் கலைத்தபின் எடுப்பது இருமடங்கு உழைப்பு. ஒப்பனைக்கு இரண்டு மணி நேரம் ஆகுமாயின் அதற்குள் நிழல் நகர்ந்துவிடும். ஆதலின் நேர்வெயில் ஆகாது. கூரையின் நிழலோ வடக்கு நோக்கிய திண்ணையோ உத்தமம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அரிதாரம் நெற்றியினின்று கண்ணுக்கு இறங்குவதை எந்தத் தந்திரத்தாலும் தடுக்கவியலாது. காலை 8 மணிக்குள் முடித்துக்கொள்வதே வழி.

உடைக்கு வேண்டிய பொருள்களைப் பொறுத்தவரை நம் பகுதியார் பேறு பெற்றவர். அச்சுத் தொழிலுக்கும் பெயர் பெற்ற சிவகாசியில் அட்டையும் ஜிகினாக் காகிதமும் அறியாதாரில்லை. கிரீடத்துக்கும் கவசத்துக்கும் இவை போதும். வளைவு வேண்டுமிடத்தில் ரப்பர் அட்டையைச் சூடான காற்றில் காட்டி வளைக்கலாம். இருவர்க்கும் உரிய துணியை ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே சுருளிலிருந்து வாங்குக. ஒரே நிறமென்று வெவ்வேறு நாளில் வாங்கிய இரண்டு சிவப்பும் படத்தில் இரண்டு நிறமாகவே தெரியும். மாதிரிக்கும் வெளியூர் போகவேண்டுவதில்லை. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவரும், அண்டையூராகிய கோவில்பட்டியில் தங்கிச் சித்திரசாலை நடத்தியவருமான சி. கொண்டைய ராஜு (1898–1976) தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சேறித் தமிழகமெங்கும் வீட்டுச் சுவர்களை நிறைத்தன. மீனாட்சி எவ்வாறு நிற்பாள், முருகன் எந்நிறம் உடுப்பான் என்று நாம் மனத்திற் கொண்டிருக்கும் உருவம் பெரும்பாலும் அத்தகைய நாட்காட்டி தந்ததே. நாடக மேடையின் ஆடை படத்திற்குப் போய், படத்தினின்று மீண்டும் வேடத்திற்கு வருகின்றது.

இப்போது அபாயத்தைப் பேசுவோம். பட்டாசு விளையும் ஊரில் வேடம் பூண்டவர்க்குக் கையில் மத்தாப்பைப் பிடித்துப் படமெடுக்கும் ஆசை எழுவது இயல்பு. கம்பி மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமுடையது. வேடத்திற்கு விரும்பப்படும் பாலியெஸ்டர் துணியோ 260 டிகிரியளவில் உருகுவது. பருத்தி எரியும், கருகும், ஆனால் உருகாது. உருகிய பாலியெஸ்டர் தோலோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வேகவைக்கும். பிடுங்கினால் தோலும் வரும். ரப்பர் அட்டை, அதை ஒட்டிய பசை, பொய்ம்முடி, அதன்மேல் தெளித்த திரவம் ஆகிய யாவும் தீக்கு உணவு. இருவர் நெருங்கி நிற்பதே இணைப் படத்தின் இலக்கணமாதலால் ஒருவர் மேற்பட்ட தீ மற்றவரை விடாது. முதுகில் கட்டிய சிறகும் தோளில் பூட்டிய கவசமும் ஐந்து முடிச்சை அவிழ்த்தாலன்றிக் கழலா. தீயோ அதுவரை காத்திராது.

பட்டாசு ஆலைகளில் மருந்தைக் கையாளும் இடத்தில் பருத்தி உடையே அணிய வேண்டுமென்பது கட்டுப்பாடு. நைலான், பாலியெஸ்டர் உராய்வில் எழும் சிறு மின்பொறியே போதும். கைப்பேசியும் அங்கு விலக்கு. நம் பொருளுக்கு இன்றியமையாத இரண்டும் அங்கே நுழையலாகாத இரண்டுமாய் இருத்தல் காண்க. ஆலை வளாகத்தையோ, மூடிக்கிடக்கும் பழைய அறைகளையோ, கழிவு மருந்து கொட்டிய இடத்தையோ வர்ணம் நன்றாயிருக்கின்றதென்று படக்களமாகக் கொள்வதை நாம் முற்றும் மறுக்கிறோம். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பலர் ஆலையின் தொழிலாளரல்லர், தீயைக் கண்டு ஓடிவந்தவர். தீயைப் படத்தில் காட்டியே தீரவேண்டுமெனின், சிறு மின்விளக்குச் சரத்தைக் குச்சியில் சுற்றிப் பிடிக்கலாம்; பொறியைப் பின்னர்க் கணினியில் சேர்க்கலாம். வாண வேடிக்கை வானில் தொலைவில் நிகழும்போது அதைப் பின்னணியாக வைத்து எடுப்பதும் அழகே.

யாருடைய வேடத்தைப் புனைவது என்பதும் எண்ணத்தக்கது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவிற்கு விரதமிருந்து காளியாகவும் குரங்காகவும் வேடம் பூண்டு, வீடுதோறும் காணிக்கை பெற்றுச் செலுத்துவோர்க்கு அவ்வேடம் நேர்த்திக்கடன். அவரை நடுவழியில் நிறுத்தி நம் படத்திற்குத் துணைப் பாத்திரமாக்குதல் முறையன்று. வேண்டுமாயின் அனுமதி கேட்டு, மறுத்தால் விலகவேண்டும். குறவன் குறத்தி ஆட்டம் ஒரு சமூகத்தாரை இழிவுபடுத்துகின்றதென்று வழக்கெழுந்து, 2023-ல் தமிழ்நாட்டு அரசு அதனைத் தடை செய்தது. ராஜா ராணி உடையால் மனம் புண்படுவாரில்லை. உயிரோடு நம் அடுத்த தெருவில் வாழும் மக்களின் பிழைப்பையும் நடையையும் வேடமாக்கும்போது, அவர் அப்படத்தைக் கண்டால் என் சொல்வார் என்று முன்னரே கேட்டுக்கொள்வது நலம்.

வெளியிடும் வகையைச் சுருக்கிக் கூறுவாம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதத்தில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கு வந்தன. டிக்டாக்கை நம்பிப் பழைய படங்களை வேறெங்கும் சேமியாதிருந்த பலர் ஓரிரவில் யாவும் இழந்தனர். ஆதலின் மூலப் பிரதி இருவரிடமும் தனித்தனியே இருத்தல் வேண்டும். கணக்கு ஒருவர் பெயரில் இருந்து, தைத்தவரும் ஒட்டியவரும் மற்றவராயின், நட்பு முறியும் நாளில் ஒருவர் கையில் யாவும், மற்றவர் கையில் ஊசி மட்டும் எஞ்சும். 1939-ல் நியூயார்க்கில் நிகழ்ந்ததை நினைக்க. இன்ஸ்டாகிராமில் ஒரே படத்தை இருவர் கணக்கிலும் ஒருங்கே வெளியிடும் வசதி 2021 முதல் உளது. அதனைப் பயன்படுத்தி, படத்தின் அடிக்குறிப்பில் உடை இன்னார், ஒப்பனை இன்னார், படப்பிடிப்பு இன்னார் என்று எழுதிவிடுக. கைப்பேசியைப் பிடித்து நின்ற தம்பியின் பெயரும் அதில் இருக்கட்டும்.