வீட்டிற்கு ஒரு டிரம்ஸ்: வாங்குமுன் சிந்தியுங்கள்



ஞாயிறு ஆராதனையில் டிரம்ஸ் வாசிக்கும் உங்கள் பிள்ளை, "வீட்டிலும் ஒரு செட் இருந்தால் நன்றாகப் பழகுவேனே" என்று கேட்டிருக்கலாம். நியாயமான விருப்பமே. சபையிலுள்ள கருவி வாரநாட்களில் எளிதாகக் கிடைப்பதில்லை. வாரத்தில் ஒருநாள் வாசித்துத் தேறினவர் எவருமில்லை. ஆனால் லிங்கராஜபுரத்திலோ ஈஜிபுராவிலோ வாடகை வீட்டில் குடியிருக்கும் நமக்குச் சுவருக்கு அப்பால் ஒரு குடும்பமும், தரைக்குக் கீழே இன்னொரு குடும்பமும் உண்டு. ஆகையால், கடைக்காரரிடம் விலையைக் கேட்குமுன், "இதன் சத்தம் எங்கே போகும்?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியிலுள்ள ஒரு பெந்தெகொஸ்தே சபையின் டிரம்ஸ், கிதார், ஒலிபெருக்கி ஆகியவற்றைக் குறித்து அண்டை வீட்டார் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2000 ஆகஸ்ட் 30 அன்று சபையின் மேல்முறையீடு தள்ளுபடியானது. பிறருடைய அமைதியைக் குலைத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் கூறவில்லை என்று கூறிய நீதிபதிகள், முதியோர், நோயாளிகள், மாணவர், குழந்தைகள் ஆகியோரை எண்ணிப்பார்க்கச் சொன்னார்கள். அதே ஆண்டில் வந்த ஒலிமாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியின் வரம்பு பகலில் 55 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். முழு வலிமையோடு வாசிக்கும் டிரம்ஸோ, வாசிப்பவரின் காதருகே 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அந்த அளவுச் சத்தத்தில் நாளொன்றுக்கு 15 நிமிடங்களுக்குமேல் இருப்பது செவிக்குத் தீங்கு என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் கணக்கு.

ஆகவே வீட்டுக்கு வாங்கும் இரண்டாவது செட், சபையிலுள்ளதன் நகலாக இருக்க வேண்டியதில்லை. கையையும் காலையும் பழக்கினால் போதும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, மிகக் குறைந்த செலவுடையது: ஒரு ரப்பர் பயிற்சி பேட், பேஸ் டிரம் பெடலுக்கென்று ஒரு சிறு பேட், ஒரு மெட்ரோனோம். கைபேசியிலேயே இலவச மெட்ரோனோம் கிடைக்கும். கைகளின் சமநிலையும் தாளத்தின் உறுதியும் பெரும்பாலும் இங்கேதான் உருவாகின்றன. பழகத் தொடங்கி ஓராண்டு ஆகாத பிள்ளைக்கு இதுவே போதுமானது.

இரண்டாம் வழி, பழைய செட் ஒன்றை வாங்கி, அதன் தோல்களைக் கழற்றிவிட்டு வலைத்தோல் பொருத்துவது. துளையிட்ட, ஓசை குறைந்த சிம்பல்களும் கிடைக்கின்றன; தங்கள் எல்80 வகை 80 சதவீதம் வரை ஓசையைக் குறைக்கும் என்கிறது ஸில்ட்ஜியன் நிறுவனம். பழைய தோல்களைப் பத்திரமாக வைத்திருங்கள். பிற்காலத்தில் செட்டை முழு ஓசைக்குத் திருப்பலாம், விற்கவும் செய்யலாம். வாங்கும்போது சிம்பல் விளிம்பில் விரிசல் உண்டா, திருகுகள் எளிதாகச் சுழல்கின்றனவா என்று பாருங்கள். தோலைக் கழற்றச் சொல்லி, டிரம்மின் விளிம்பைச் சமதரையில் கவிழ்த்து வையுங்கள். இடைவெளி தெரிந்தால் அது வளைந்திருக்கிறது, சுருதி நிற்காது.

மூன்றாம் வழி, மின்னணு டிரம்ஸ். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் ஓசை வாசிப்பவருக்கு மட்டுமே கேட்கும். கடையில் இரண்டு காரியங்களைச் சோதியுங்கள். பேஸ் டிரம்முக்கு உண்மையான அடிக்கும் பெடல் உண்டா? மலிவான சிலவற்றில் வெறும் மிதி சுவிட்ச் இருக்கும். அதில் கால் பழகாது. மெதுவாகவும் பலமாகவும் தட்டும்போது ஸ்னேரின் ஓசை அதற்கேற்ப மாறுகிறதா? மாறாவிட்டால் வேறு கருவியைப் பாருங்கள். வலைத்தோலில் குச்சி அதிகமாகத் துள்ளும். ஆராதனைக்குமுன் சபையின் செட்டில் சற்றுநேரம் வாசித்துக் கையைச் சரிப்படுத்துவது நல்லது.

ஹெட்ஃபோன் இருந்தாலும் ஒரு சத்தம் மிஞ்சும் என்பதைப் பலர் அறிவதில்லை. பெடலை மிதிக்கும் அதிர்வு தரைவழியே இறங்கி, கீழ்வீட்டின் கூரையில் இடியாகக் கேட்கும். வெறும் கம்பளம் இதை நிறுத்தாது. கீழே ஒரு தடித்த பிளைவுட் பலகை, அதன்மேல் வட்டத் துளைகளில் அமர்த்திய பழைய டென்னிஸ் பந்துகள், அவற்றின்மேல் இன்னொரு பலகை என்று ஒரு மேடை அமையுங்கள். பந்துகள் அதிர்வின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பலகை சுவரைத் தொடாதிருக்கட்டும். கருவிக்கான பணத்தில் இதற்கும், உயரம் மாற்றத்தக்க நல்ல இருக்கைக்கும் ஒரு பங்கை முன்னதாகவே ஒதுக்குங்கள். இருக்கை சரியில்லாவிட்டால் முதுகு நோகும்.

வாங்கிய பின்பு, முதல்நாளே உங்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு கீழ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அங்கே இரவுவேலை முடிந்து பகலில் உறங்குபவர் இருக்கலாம். தேர்வுக்குப் படிக்கும் மாணவி இருக்கலாம். எந்த நேரம் அவர்களுக்கு இடையூறாகாது என்று கேட்டு, அந்த நேரத்தைத் தாளில் எழுதிக் கருவியின் அருகே ஒட்டுங்கள். 150-ஆம் சங்கீதம் கைத்தாளங்களைக் கொண்டு தேவனைத் துதிக்கச் சொல்லுகிறது. அயலானை நேசிக்கச் சொன்னவரும் அதே தேவன்தான். தினமும் அரைமணி நேரம், குறித்த வேளையில், அடுத்தவீட்டார் முகம் சுளிக்காதபடி பழகும் பிள்ளை ஞாயிற்றுக்கிழமையும் நன்றாக வாசிக்கும்.