ஆயில் சீல் கசிவது ஏன்?

சுழலும் தண்டு, இயந்திரத்தின் உறையை விட்டு வெளிவரும் இடத்தில், எண்ணெய் வெளியேறாமலும் தூசி உட்புகாமலும் காக்கும் வளையமே ஆயில் சீல். பம்பு, கியர்ப்பெட்டி, டிராக்டர் முதலியவற்றில் இதனைக் காணலாம். கசிவு தோன்றியவுடன் சீலைக் குறைகூறிப் புதியதொன்றைப் பொருத்துவது வழக்கம். சில வாரங்களில் அதுவும் கசியத் தொடங்கும். பெரும்பாலும் குற்றம் சீலினுடையது அன்று. அது தொட்டு நிற்கும் தண்டினுடையது.

சீலின் ரப்பர் உதடு தண்டினை முற்றும் அடைத்திருப்பதாகவே பலரும் கருதுவர். உண்மை வேறு. தண்டு சுழலும்போது இரண்டுக்குமிடையே ஏறத்தாழ ஒரு மைக்ரான் தடிப்புள்ள எண்ணெய்ப் படலம் நிலவுகிறது. உதட்டைத் தேயாமல் காப்பது அதுவே. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு நிமிடத்திற்கு 1,440 முறை சுழன்றால், அதன் பரப்பு விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் ஓடுகிறது. இதனை மாணவர்களைக் கொண்டே கணக்கிடச் செய்யலாம். இவ்வேகத்தை உலர்ந்த ரப்பர் தாங்காது. ஆகவே, பொருத்துமுன் உதட்டில் எண்ணெய் தடவுதல் இன்றியமையாதது.

உதட்டில் பதிந்த மண்துகள் சாணைக்கல்லைப் போல எஃகையே அரித்துப் பள்ளமாக்கும். தண்டின்மீது நகத்தை ஓட்டினால் அப்பள்ளம் புலப்படும். புதிய சீலின் உதடு அதே பள்ளத்தில் அமருமாயின் கசிவு நிற்காது. சீலைச் சற்றே தள்ளிப் பொருத்துதல் வேண்டும், அல்லது தண்டின்மீது மெல்லிய உலோக உறை அணிவித்தல் வேண்டும். உப்புத்தாளால் தண்டைச் சாய்வாகத் தேய்ப்பதும் தவறு. அக்கீறல்கள் திருகுமரையாகி எண்ணெயை வெளியே இறைத்துவிடும்! பேரிங் தேய்ந்து தண்டு ஆடினாலோ, உதடு அதனைத் தொடர்ந்து செல்ல இயலாது.

கியர்ப்பெட்டியின் மூச்சுத்துளையைப் பலர் கவனிப்பதில்லை. அது அழுக்கடைந்தால், உள்ளே சூடேறிய காற்றின் அமுக்கம் எண்ணெயை உதட்டின் வழியே தள்ளும். சாதாரணச் சீல்கள் மிகச் சிறிய அமுக்கத்தையே தாங்க வல்லவை.

கேரளம் ரப்பருக்குப் பெயர்பெற்ற நாடு. எனினும், மரத்திலிருந்து வடியும் இயற்கை ரப்பர் ஆயில் சீலுக்கு உதவாது. கனிம எண்ணெயில் அது ஊதிப் பருத்துவிடும். ரப்பர்ப் பட்டை ஒன்றை ஓரிரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வகுப்பில் இதனைக் காட்டலாம். சீல்கள் பெரும்பாலும் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை.

எனில், உதட்டை மேலும் இறுக்கினால் போதாதோ? உதட்டைச் சுற்றியுள்ள சுருள்வில்லைக் குறுக்கி இறுக்கினால் எண்ணெய்ப் படலம் அறும்; உஷ்ணத்தால் ரப்பர் கெட்டித்து வெடிக்கும். சுழலும் பகுதிக்கும் அசையாப் பகுதிக்கும் இடையே தக்க இடைவெளி வேண்டுமென்பது, ரப்பர் உதடற்ற வேறு வகைச் சீல்களுக்கும் பொருந்தும். திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையைத் தலைமையிடமாகக் கொண்ட திரவ உந்துவிசை அமைப்புகள் மையம் உருவாக்கிய கிரையோஜெனிக் எஞ்சின், 2010 ஏப்ரல் 15 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி-3 ராக்கெட்டில் முதன்முறையாகப் பறந்தது. அதன் திரவ ஹைட்ரஜன் துணைப் பம்பு நிமிடத்திற்கு 34,800 சுற்று வேகத்தை எட்டியபின் திடீரென நின்றது. சீல் ஒன்றில் சுழலி பற்றிக்கொண்டு இறுகியிருக்கலாம், அன்றி டர்பைன் உறை வெடித்திருக்கலாம் என ஆய்வுக்குழு இரு காரணங்களைக் கூறிற்று. கடுங்குளிரில் பேரிங்கும் உறையும் சுருங்கும் அளவைக் கருதிப் பம்பு திருத்தியமைக்கப்பட்டது. 2014 ஜனவரி 5 அன்று டி-5 ராக்கெட்டில் அவ்வெஞ்சின் செவ்வனே இயங்கியது.