தொண்ணூறிலேயே நிற்கும் கோணம்

அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம். ஒன்பதாம் வகுப்புக்கு இதைப் பதினைந்து வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். என் சாக்பீஸ் வட்டம் கொழுக்கட்டை மாதிரிதான் வரும். பிள்ளைகள் கோணமானி வைத்துப் பார்த்தால் 87 வரும், 93 வரும். "கிட்டத்தட்ட 90தானே" என்று சமாளித்து அடுத்த தேற்றத்துக்குப் போய்விடுவேன். கணக்கு வாத்தியார் வாயில் வரக்கூடாத வார்த்தை அது.

ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் வந்தபின் அந்தச் சமாளிப்பு தேவைப்படவில்லை. ஒரு வட்டம், ஒரு விட்டம், பரிதியில் ஒரு புள்ளி, அங்கே ஒரு கோணம். கடைசி பெஞ்சுப் பையனிடம் மவுசைக் கொடுத்தேன். புள்ளியைப் பிடித்து இழுத்தான். முக்கோணம் ஒல்லியானது, குண்டானது. கோணம் 90°-ஐ விட்டு அசையவில்லை. "சார், ஹேங் ஆயிடுச்சு" என்றான். வட்டத்துக்கு உள்ளே வேறொரு புள்ளி வைத்துக் காட்டினேன். கோணம் விரிந்தது. வெளியே வைத்தேன், சுருங்கியது. "அப்ப கோட்டு மேல மட்டும் ஏன் சார்?" இந்தக் கேள்விக்காகத்தான் பதினைந்து வருடம் காத்திருந்தேன். பதிலுக்குக் கரும்பலகைக்கே திரும்பினோம். மையத்தையும் புள்ளியையும் இணைத்தால் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள். மீதி இரண்டே வரி.

(புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு: புள்ளி விட்டத்தைத் தாண்டிக் கீழே போனால் 270° என்று காட்டும். முதல் நாள் எனக்கு வியர்த்துவிட்டது. அது இடஞ்சுழியாக அளக்கிறது, அவ்வளவுதான். கோணத்தின் அமைப்பில் 0° முதல் 180° வரை என்று மாற்றிவிடுங்கள்.)

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது ஜியோஜீப்ரா. ஜியோமெட்ரி பாதி, அல்ஜீப்ரா பாதி, அதுதான் பெயர். லாபநோக்கம் இல்லாத பயன்பாட்டுக்குக் காசு கிடையாது. நம் பாடநூலில் 'இணையச் செயல்பாடு' என்று க்யூஆர் கோடோடு வரும் கணக்குகள் பல இதில் செய்தவைதான்.

இதற்கு முன் ஒரு நல்ல மனிதர் எங்கள் பள்ளிக்குப் பாட மென்பொருள் ஒன்று வாங்கித் தந்தார். பளபளவென்று படங்கள், பின்னணி இசை வேறு. வேடிக்கை பார்க்கலாம், எதிலும் கை வைக்க முடியாது. ஒரு கணக்கின் எண்ணைக்கூட மாற்ற விடாது. ஒரு வருடம் முடிந்ததும் உரிமம் புதுப்பிக்கப் பணம் கேட்டது. அதோடு சரி.

கேரளத்தில் இந்தத் தலைவலி குறைவு. 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு, லினக்சுக்கு, மாற்றியது. 2017இல் அதுவே கைட் நிறுவனமானது.

ஒரு மென்பொருளை எடைபோடும்போது நான் பார்ப்பது பிள்ளையின் வீட்டை. 2011 முதல் தமிழக அரசு கொடுத்த மடிக்கணினி, அக்காவுடையதோ அண்ணனுடையதோ, எங்கள் ஊரில் சில வீடுகளில் இருக்கிறது. பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் அதில் ஓடுகிறதா?

உங்கள் பள்ளிக்கு யாராவது மென்பொருள் வாங்கித் தர முன்வந்தால், பணம் கட்டுமுன் கணக்கு வாத்தியாரை ஒரு மணி நேரம் அதன் முன்னால் உட்காரவையுங்கள். நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு.