பதிவு நாளுக்குப் பணம் தயாரா?

எஸ்.பி.எம். முடிவு நன்றாக வந்திருக்கிறது. யூபியூ வழியாகப் பல்கலைக்கழகத்தில் டிப்ளோமா படிக்க இடமும் கிடைத்துவிட்டது. கோலா கிளாவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த ஒரு மாணவியின் வீடு இது என்று வைத்துக்கொள்வோம். அன்று முழுக்க வீட்டில் மகிழ்ச்சி. மறுநாள் காலை, கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்ததும் அம்மாவின் முகம் மாறுகிறது.

பதிவுக் கட்டணம், விடுதிக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, மடிக்கணினி, மெத்தை விரிப்பு, வாளி. புக்கிட் தங்கா மலைப்பாதையில் இறங்கி சிரம்பான் போய், அங்கிருந்து அடுத்த பேருந்து பிடிக்கும் செலவு வேறு. பதிவு நாளுக்கு இன்னும் மூன்றே வாரம். "அதான் பிடிபிடிஎன் கடன் இருக்கே, அம்மா" என்கிறாள் மகள். கடன் இருக்கிறது. ஆனால், அது பதிவு நாளன்று கையில் இருக்காது.

தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். மேற்படிப்புக்கு உதவியே இல்லை என்பதல்ல சிக்கல். உதவி வரும் நாளும் பணம் தேவைப்படும் நாளும் வேறு வேறு. அந்த இடைவெளியை அடைக்க முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

கடன் எப்படி வருகிறது?

தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பிடிபிடிஎன் 1997-இல் தொடங்கப்பட்டது. அதில் விண்ணப்பிக்க முதலில் மாணவர் பெயரில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும். விண்ணப்பம் இணையம் வழியாகத்தான். பரிசீலனை, ஒப்பந்தம், கல்விக்கூடத்தின் உறுதிப்படுத்தல் என்று ஒவ்வொரு படியாகத் தாண்டிய பிறகே முதல் தொகை வங்கிக் கணக்கில் சேரும். அதற்குள் வகுப்புகள் தொடங்கிப் பல வாரங்கள் ஓடிவிடக்கூடும்.

இந்தச் சிக்கலுக்காகவே கடன் முன்பணத் திட்டம் ஒன்று உள்ளது. அரசாங்க உயர்கல்விக்கூடங்களில் இடம் கிடைத்த, குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்கள் 1,500 ரிங்கிட் வரை பதிவுக்கு முன்பே பெறலாம். இது இலவசம் அல்ல. பின்னர் வரும் கடன் தொகையில் கழித்துக்கொள்ளப்படும். குடும்பம் ரஹ்மா ரொக்க உதவி பெறுகிறதா என்பது இங்கே முக்கியம். பெற்றோர் அதற்குப் பதிந்திருக்கிறார்களா, விவரங்கள் சரியாக உள்ளனவா என்று இன்றைக்கே பாருங்கள். பிள்ளையின் படிப்புக்கும் அந்தப் பதிவுக்கும் தொடர்பு இருப்பது பல வீடுகளில் தெரிவதில்லை.

பிடிபிடிஎன் கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் உண்டு. படிப்பு முடிந்து 12 மாதங்களுக்குப் பிறகு திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். இளங்கலைப் படிப்பில் முதல் வகுப்பில் தேறும் மாணவர்கள், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

கடன் வாங்குமுன்

அதிகம் கடன் வாங்காமல் படிக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படிவம் 6 உள்ளூர்ப் பள்ளியிலேயே படிக்கலாம். நெகிரி செம்பிலானின் மெட்ரிகுலேஷன் கல்லூரி கோலா பிலாவில் இருக்கிறது. கைத்தொழில் நாட்டம் உள்ளவர்களுக்கு நீலாயிலும் போர்ட்டிக்சனிலும் போலிடெக்னிக் உண்டு. அங்கே ஒரு பருவத்திற்குக் கல்விக் கட்டணம் 200 ரிங்கிட்தான்.

"எல்லாவற்றையும் பிடிபிடிஎன் பார்த்துக்கொள்ளும், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று யாராவது தனியார் கல்லூரிக்கு அழைத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் உண்டா? கடன் போக மீதிக் கட்டணம் எவ்வளவு, அதை யார் கட்டுவது? பதில் எழுத்தில் வராவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம்.

தாத்தாவின் பங்கு

1950-களின் இறுதியில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். அப்போது துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, ஆளுக்கு 10 வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அதன் முதல் சொத்தானது. இச்சங்கம் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் வழங்கி வந்துள்ளது. உங்கள் தாத்தா பாட்டி பெயரில் பங்கு இருக்கிறதா? அலமாரியில் பழைய காகிதங்களோடு அதன் சான்று கிடக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

1984-இல் தொடங்கிய எம்.ஐ.இ.டி. இந்திய மாணவர்களுக்குக் கல்விக் கடன் வழங்குகிறது. நெகிரி செம்பிலான் அறவாரியத்தை மாநிலத்து மாணவர்கள் அணுகலாம். பெற்றோர் வேலை செய்யும் தோட்ட நிறுவனத்திற்கு அறவாரியம் இருந்தால், அலுவலகத்தில் விசாரியுங்கள். பிள்ளைகளின் மேற்படிப்புக்காக ஊழியர் சேமநிதியிலிருந்தும் பெற்றோர் பணம் எடுக்கலாம். ஆனால், அது அவர்களின் முதுமைக்கான சோறு. மற்ற கதவுகளைத் தட்டிய பிறகே அதைத் தொடுங்கள்.

இன்றே ஒரு கோப்பு

படிவம் 5 முடியும் முன்பே ஒரு கோப்பு தயாராகட்டும். உங்கள் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், தேர்வுச் சான்றிதழ்கள், புறப்பாடச் சான்றுகள், பெற்றோரின் அடையாள அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அப்பா குத்தகை வேலையோ தினக்கூலி வேலையோ செய்து சம்பளச் சீட்டு இல்லையென்றால், வருமானத்தை எந்த முறையில் உறுதிப்படுத்த வேண்டும் என்று முன்னதாகவே கேட்டு வையுங்கள். பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தால்கூட விண்ணப்பம் தாமதமாகலாம். அதைச் சரிசெய்யத் தேசியப் பதிவிலாகாவுக்கு அலைய நேரம் வேண்டும். பதிவு நாளுக்கு முந்திய மூன்று வாரம் அதற்குப் போதாமல் போகலாம்.

கூடவே ஒரு நாட்காட்டியில் ஒவ்வோர் உதவியின் இறுதி நாளையும் குறித்து வையுங்கள். வீட்டில் இணைய வசதி சரியில்லை என்றால் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் சொல்லுங்கள். உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அன்று 10 வெள்ளி கொடுத்த தொழிலாளி, தோட்டம் விலைபோன பிறகு சேர்க்கலாம் என்று காத்திருக்கவில்லை. நீங்களும் கடிதம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடிதம் வரும் நாளில் கோப்பு மேசைமேல் இருந்தால், அதன் இரண்டாம் பக்கத்தைப் படிக்கும்போது அம்மாவின் முகம் வாடாது.